மூன்றாம் ஷெட்டில் பச்சைப் பொத்தான்

மார்ச் 24, திங்கள்

நாற்றத்தில் இத்தனை வகை உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நாமக்கல் ரோட்டில் பஸ்சை விட்டு இறங்கியதும் வருவது ஒன்று. பண்ணை கேட்டைத் தாண்டினால் கண்ணை எரிப்பது இன்னொன்று. ஷெட்டுக்குள் இருப்பது தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எச்சில் விழுங்கினாலும் இறங்குவதில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். அப்படியே மூடிவிட்டேன்.

முதல் நாளே ஒரு கூத்து. மூன்றாம் ஷெட்டுக்குள் மஞ்சள் சுடிதாரோடு போய் நின்றேன். முப்பதாயிரம் கோழிகள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டு கூண்டுக் கம்பிகளில் மோதின. ஒரு அம்மாள் ஓடிவந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். புடவைக்கு மேல் நீலக் கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. பெயர் அத்தாயி. மூன்றாம் ஷெட் அவர் பொறுப்பு.

"புதுக் கலரு பாத்தா மெரளுமுங்க அம்மிணி. மெரண்டா முட்டை கொறைஞ்சு போயிரும். இந்தாங்க, இதைப் போட்டுக்கோங்க" என்று கொடியில் தொங்கிய இன்னொரு நீலக் கட்டச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். அதன் கழுத்துப் பட்டையில் வேறு யாருடைய வியர்வையோ காய்ந்து வெள்ளையாக இருந்தது. போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

என் விசிட்டிங் கார்டில் 'நம்பிக்கை வடிவமைப்பாளர்' என்று இருக்கிறது. கோயம்புத்தூரில் எங்கள் கம்பெனி செய்திருக்கும் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் மூடிய கோழி ஷெட்டுக்குள் சூட்டையும் காற்றையும் பார்த்து, எத்தனை ஃபேன் ஓடவேண்டும் என்று தானே முடிவெடுக்கும். அதை வேலையாட்கள் நம்பிப் பழகும்படி அமைப்பது என் வேலை. அம்மாவுக்குப் போனில் இதை விளக்கினேன். "நம்பற மாதிரி இருந்தா அவங்களே நம்பிட்டுப் போறாங்க. அதுக்கு ஒரு ஆளா?" என்றாள்.

மார்ச் 26, புதன்

இயந்திரத்தைப் பொருத்தியாகிவிட்டது. ஒவ்வொரு ஷெட் வாசலிலும் சுவரில் ஒரு திரை. அதில் பொட்டு வைத்துச் சிரிக்கும் ஒரு பெண் முகம். பெயர் 'தோழி'. இந்த முகம் வேண்டாம் என்று அலுவலகத்தில் இரண்டு கூட்டங்களில் சொன்னேன். மூன்றாவதில் சொல்லவில்லை. இங்கே யாரும் தோழி என்று கூப்பிடவில்லை, 'பொட்டி' என்கிறார்கள்.

மணிக்கு ஒரு முறை தோழி தன் முடிவைச் சொல்லி, "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்கும். ஆமென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. விரல் ரேகை வைத்தால்தான் பொத்தான் வேலை செய்யும். இயந்திரத்துக்கே சந்தேகம் வந்தால் திரை முழுக்க மஞ்சளாகி, "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, நீங்கள் பாருங்கள்" என்று சொல்லும். மஞ்சள் என் யோசனை. இந்த வேலையில் நான் செய்ததில் எனக்கே பிடித்தது அது ஒன்றுதான்.

சிவப்பை அழுத்தினால் உடனே பண்ணை முதலாளிக்குப் போன் போகும். வேலையாளின் சொல்லுக்கு மதிப்பு வேண்டும் என்று நான்தான் அப்படி வைத்தேன். கூடவே ஏழு கேள்விகள் கொண்ட படிவம் வரும்: கவனித்தவர் யார், எத்தனை மணிக்கு, என்ன கண்டார், எத்தனை கோழி, யாரிடம் சொன்னார், அவர் என்ன செய்தார், இயந்திரம் எங்கே தவறியது. அதன் நகல் முதலாளிக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸ்காரர்களுக்கும் போகும். ஒரு முறை பதிந்ததை யாராலும் அழிக்க முடியாது, என்னாலும். அதையும் நானே கேட்டு வாங்கினேன்.

மூன்றாம் ஷெட்டின் பழைய ஃபேன் ஸ்விட்சுகள் இருந்த பெட்டிக்கு இன்று பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஆளாளுக்குப் போய்த் தட்டினால் இயந்திரம் எப்படிக் கற்றுக்கொள்ளும்? சாவி முதலாளி சென்னியப்பனிடம். இதுவரை அந்த ஸ்விட்சுகளைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தவர் அத்தாயி அக்காதான். பூட்டு மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் செத்த கோழிகளைப் பொறுக்கும் வேலையைக் கூட நின்று பார்த்தேன். அத்தாயி அக்கா கூண்டுக்குள் கையை விட்டுக் காலைப் பிடித்து இழுக்கிறார். சில விறைத்திருக்கும், சில தொளதொளவென்று வரும். ஒன்றை மற்ற கோழிகள் பின்பக்கமாகக் கொத்திக் குடலை வெளியே இழுத்திருந்தன. வாளியில் போட்டுக்கொண்டு, அதே கையால் காதோர முடியை ஒதுக்கிக்கொண்டார். நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன். கொப்பளிக்க அவரே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தச் சொம்பை என்னால் வாயருகே கொண்டுபோக முடியவில்லை. பார்த்தார். சொம்பைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் ஷெட்டுக்குள் போனால் முதல் இரண்டு நிமிடம் அசையாமல் நிற்பார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. சத்தத்தைக் கேக்கறது. நல்லா இருந்தா சளசளன்னு பேசிட்டே இருக்கும். காத்துப் பத்தலைன்னா பேச்சு நின்னு போயிரும். அப்பறம் றெக்கையை அகட்டிட்டு வாயத் தொறந்துக்கும். வாயத் தொறந்துருச்சுன்னா நேரம் இல்லீங்க."

குறித்துக்கொண்டேன். 'பயனாளரின் முன் அனுபவம்' என்ற தலைப்பில் ஒரு வரியாகப் போய்விட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

அக்கா இந்த ஒரு வாரத்தில் பதினான்கு முறை சிவப்பு அழுத்தியிருக்கிறார். பதினான்கு முறையும் சென்னியப்பனுக்குப் போன். இன்று சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்துவிட்டார். கையில் சோறு. களத்தின் அந்தக் கோடியிலிருந்தே சத்தம்.

"எவ அமுக்குனது?"

"நானுங்க."

"ஏம்புள்ள அத்தாயி, பொட்டி எதுக்கு வெச்சிருக்குது? நீ ரோசனை சொல்றதுக்கா? எதுக்கெடுத்தாலும் போனு, போனு. மனுசன் ஒரு வாய் சோறு திங்க முடியல."

"காத்து கொஞ்சம் மந்தமா இருந்துச்சுங்க."

"மந்தமா இருந்தா அது பாத்துக்கும். உனக்கு மேல படிச்ச பொட்டி அது."

மற்ற ஷெட்டுப் பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சென்னியப்பன் சோறு ஒட்டிய விரலை அக்காவின் மூஞ்சிக்கு நேரே நீட்டி நீட்டிப் பேசினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். படிவத்தில் இரண்டாம் கேள்வியைக்கூட அவர் தாண்டியிருக்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். குரலில் பதியும் வசதியை அடுத்த பதிப்பில் சேர்ப்பதாக இருக்கிறோம்.

எனக்கு அந்த ஆளைப் பார்க்கவே குமட்டியது. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எங்கள் வாடிக்கையாளர்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ரகு வீடியோவில் வந்தார். என் மேலதிகாரி, கம்பெனியைத் தொடங்கியவர். எப்போதும் புதினா மெல்லுவார். திரை வழியாகவே அந்த வாசனை வருவதுபோல இருக்கும்.

"நிரஞ்சனா, நம்பிக்கை விகிதம் அறுபத்தொண்ணுல நிக்குது. பணம் போட வர்றவங்ககிட்ட இதை எப்படிக் காட்டறது?"

நம்பிக்கை விகிதம் என்றால் நூறு தடவையில் எத்தனை தடவை பச்சை அழுத்துகிறார்கள் என்பது. பச்சை அழுத்தினால் நம்புகிறார்கள். இதை நிர்ணயித்த கூட்டத்தில் நானும் இருந்தேன், பிஸ்கட் சாப்பிட்டேன்.

"மஞ்சள்தான் பிரச்சனை. மஞ்சள் வந்தா அடுத்த ரெண்டு மணி நேரம் சிவப்பாவே அழுத்தறாங்க. தனக்கே தெரியலைன்னு சொல்ற மெஷினை எவன் வாங்குவான்?"

"தெரியாததைத் தெரியலைன்னு சொன்னாத்தானே ரகு, தெரியும்னு சொல்றப்போ நம்புவாங்க?"

"அழகா இருக்கு. அடுத்த வருஷம் பண்ணலாம். இப்ப எடுத்துரு."

ஷெட்டுக்குள் சூட்டை அளக்கும் கருவிகளில் ஒன்று செத்துப்போனால் மற்ற கருவிகள் காட்டுவதை வைத்து இயந்திரமே அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும், வெளியே காட்டிக்கொள்ளாது. அதுதான் மாற்றம்.

ஏப்ரல் 9, புதன்

மஞ்சளை எடுத்துவிட்டேன். பத்து நிமிட வேலை.

ஏப்ரல் 17, வியாழன்

தொண்ணூற்றேழு!

ரகு கோயம்புத்தூரிலிருந்து கேக் அனுப்பினார். மேலே பச்சை க்ரீமில் 97. ஷெட்டுக்கு வெளியே மேசை போட்டு வெட்டினோம். வெட்டி முடிப்பதற்குள் ஈ மொய்த்துவிட்டது. 9-இன் சுழிக்குள் இரண்டு ஈக்கள் காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. சென்னியப்பன் அவற்றைச் சுண்டு விரலால் வழித்து எறிந்துவிட்டு அதே துண்டை எடுத்துச் சாப்பிட்டார். அக்காவுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். முந்தானையில் மூடி மகளுக்கு எடுத்துவைத்துக்கொண்டார்.

போட்டோவுக்காக அக்காவைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பொத்தான் மேல் விரல் வைத்துச் சிரிக்கச் சொன்னேன்.

"இப்பப் பொட்டியோட பழகிட்டீங்களாக்கா?"

"இப்ப தொந்தரவு ஏதும் இல்லீங்க அம்மிணி" என்றார்.

அறிக்கையில் அதை மேற்கோளாகப் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 23, புதன்

பஸ்சில் பக்கத்து சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நேற்று இரண்டு முறை தலைக்குக் குளித்தேன். சீயக்காய், பிறகு ஷாம்பு. என் முடியை நானே முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன், பைத்தியம் மாதிரி.

அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டார், போனேன். வீடு பண்ணைக்குள்ளேயே, ஆட்களுக்கென்று கட்டிய லைன் வீடுகளில் நான்காவது. ஒற்றை அறை. அவர் கணவர் இங்கே தீவன லாரியில் ஓடியவர், போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் தெய்வானை பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். வேலை இருக்கும் வரை வீடு, வேலை போனால் வீடும் போகும்.

காபி கொடுத்தார். குடித்தேன். டம்ளரின் விளிம்பில் வாய் படாமல் தூக்கிக் குடித்தேன். தெய்வானை அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

மே 2, வெள்ளி

பணம் போடப்போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். மூன்று பேர். ரகுவும் வருகிறார். பத்து விஷயங்கள் கொண்ட பட்டியல் அனுப்பியிருக்கிறார். ஏழாவது: 'விருந்தினர் இருக்கும்போது எச்சரிக்கை எதுவும் ஒலிக்கக் கூடாது.'

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். அறையில் ஃபேன் காற்று நெருப்பாக இறங்குகிறது. துவைத்தேன், இஸ்திரி போட்டேன். நீலக் கட்டச் சட்டையைத் தனியாக ஊறவைத்தேன். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது.

மே 6, செவ்வாய்

வந்தார்கள். முதல் ஷெட்டில் காட்டினோம். மூன்றாம் ஷெட்டில் கோழி செத்துவிட்டது. ஏராளம். எழுத முடியவில்லை.

மே 7, புதன்

பதினோராயிரத்து இருநூற்று நாற்பது.

ஜேசிபி வைத்துப் பள்ளம் தோண்டினார்கள். காலை பத்து மணிக்கே உப்பத் தொடங்கிவிட்டன. சாக்குகளிலிருந்து தண்ணீராக ஒழுகியது. தூக்குகிறவர்களின் சட்டை முதுகில், கழுத்தில், காதுக்குள். சுண்ணாம்பைக் கொட்ட, அது ஈரத்தில் பொங்க, நாய்கள் மேட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு சாக்கு கிழிந்து என் கால் மேல் விழுந்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தேன். சோப்புப் போட்டு எத்தனை தேய்த்தும் விரல் இடுக்கில் அந்த வழவழப்பு இருக்கிறது.

நடந்தது இதுதான். ஃபேன்கள் பக்கம் சூட்டை அளக்கும் கருவி ஞாயிற்றுக்கிழமையே செத்துப்போயிருந்தது, இறகுத் தூசி அடைத்து. காற்று உள்ளே வரும் பக்கம் ஈரத் தட்டி இருப்பதால் அங்கே எப்போதும் குளிர்ச்சி. இயந்திரம் அந்தக் குளிர்ச்சியை வைத்தே மறுகோடியையும் நிரப்பிக்கொண்டது. செவ்வாய் மதியம் வெளியே நாற்பத்தொரு டிகிரி. ஷெட் குளுகுளுவென்று இருப்பதாகத் தோழி முடிவுசெய்து, பன்னிரண்டு ஃபேனில் ஆறை நிறுத்திவிட்டது.

இரண்டே கால் மணிக்கு அத்தாயி அக்கா கடப்பாரையால் ஸ்விட்சுப் பெட்டியின் பூட்டை உடைத்து எல்லா ஃபேன்களையும் போட்டார். அதனால்தான் மிச்சம் பத்தொன்பதாயிரம் பிழைத்தது என்று கால்நடை டாக்டர் சொன்னார். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காதாம்.

மஞ்சள் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே வந்திருக்கும்.

மே 8, வியாழன்

ரகுவின் குரல் தெளிவாக இருந்தது. நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

"பதிவைப் பார்த்தேன். செவ்வாய் மதியம் ஒண்ணு நாற்பதுக்கு மெஷின் 'காற்று போதுமானது, ஒப்புக்கொள்கிறீர்களா'ன்னு கேட்டிருக்கு. அந்தம்மா பச்சை அழுத்தியிருக்காங்க. அவங்க ரேகை. நாம முடிவை மனுஷங்க கையிலதான் குடுத்திருந்தோம், அவங்க சரின்னுட்டாங்க. புரியுதில்ல?"

"புரியுது."

"மனிதத் தவறுன்னு ரெண்டு பக்கம் எழுதிரு. திங்கட்கிழமை விசாரணை."

சென்னியப்பன் நஷ்டத்துக்கு எங்களைத்தான் முதலில் பிடித்தார். ரகு அந்த ஒரு வரிப் பதிவை அனுப்பியதும் அவர் கோபம் திசை மாறிவிட்டது. அக்காவை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. வெள்ளிக்கிழமை, பதினாறாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போலீசில் எழுதிக் கொடுக்கப்போவதாகவும் மிரட்டியிருக்கிறார். புகாரில் பூட்டை உடைத்ததும் சேர்த்தி.

இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். நல்ல தமிழ், பிழை ஒன்றும் இல்லை. 'ஒப்புதலுக்குமுன் பயனாளர் தன் அவதானிப்பைப் பதிவுசெய்யத் தவறினார்.' ஒன்று நாற்பதுக்கு நான் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

மே 10, சனி

தலைவலி. தோசை மாவு புளித்துவிட்டது, கொட்டினேன். பாத்திரம் தேய்த்தேன். கை கழுவினேன். மறுபடி கழுவினேன்.

மே 12, திங்கள்

விசாரணை, பண்ணை அலுவலக அறையில். சென்னியப்பன், ரகு, ரகு கூட்டிவந்த வக்கீல், இன்சூரன்சிலிருந்து ஒருவர், நான். ஏசி ஓடியது. அக்காவை மட்டும் நிற்க வைத்திருந்தார்கள். நீலக் கட்டச் சட்டை இல்லை. துவைத்து மடிப்புக் கலையாத பருத்திப் புடவை. அவரை அந்தச் சட்டை இல்லாமல் இன்றுதான் பார்த்தேன், யாரோ போல இருந்தார்.

"ஒண்ணு நாற்பதுக்குப் பச்சை அழுத்தினது நீங்கதானே?" என்றார் வக்கீல்.

"ஆமாங்க."

"அப்போ கோழிக எப்படி இருந்துச்சு?"

"வாயத் தொறந்து மூச்சு வாங்கிட்டு இருந்துச்சுங்க."

"அது தெரிஞ்சும் பச்சை அழுத்தினீங்களா? ஏன்?"

இன்சூரன்ஸ்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்களைவிட மரியாதையாகக் கேட்டார்: "யாராச்சும் அழுத்தச் சொன்னாங்களாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். நீளமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. கோழியைப் பார்ப்பாரே, உடம்புக்கு என்ன என்று, அந்த மாதிரி ஒரு பார்வை. நான் என் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். அதன் மூடியைத் திறந்தேன், மூடினேன்.

"இல்லீங்க. நானாத்தானுங்க" என்றார்.

ரகு மேசைக்கு அடியில் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். புதினா வாசனை வந்தது. வெளியே போய், அன்றைக்கு வாந்தி எடுத்த அதே இடத்தில் நின்றேன். இன்று வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 13, செவ்வாய்

லைன் வீட்டுக்குப் போனேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெய்வானை என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். ரிசல்ட் வந்துவிட்டதாம், நல்ல மார்க்காம். அக்காதான் சொன்னார், நான் கேட்கவில்லை.

"ஏன்க்கா சொல்லலை?" என்றேன்.

"என்னத்தைங்க?"

"நேத்து. அந்த ஆள் கேட்டப்போ."

சாக்கின் வாயைக் கயிற்றால் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார். "நீங்களும் அங்கதான உக்காந்திருந்தீங்க அம்மிணி. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க வாயத் தொறக்கல. சரி, உங்களுக்கு என்ன கஷ்டமோன்னு விட்டுட்டேன்."

"என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே?"

"எப்படிங்க? நீங்க படிச்சவுங்க. சொல்லிப்போட்டு அப்பறம் நீங்க இல்லைன்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும். அடுத்த சாக்கை எடுத்தார். சொம்பு ஒன்று வெளியே கிடந்தது. தாகமாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிக் குடித்தேன். இதை எழுதுவதற்கே அசிங்கமாக இருக்கிறது, ஏதோ பரிகாரம் செய்தவள் மாதிரி.

ஆறாம் தேதியை இப்போது எழுதுகிறேன்.

மணி ஒன்று நாற்பது. விருந்தினர் முதல் ஷெட்டில் இருந்தார்கள், சென்னியப்பனும் கூட இருந்தார், கையில் போன். நான் மூன்றாம் ஷெட் வாசலில் நின்று ரகுவின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஓடிவந்தார்.

"அம்மிணி, பேச்சு நின்னு போச்சுங்க. வாயத் தொறந்துருச்சு. செவப்பு அமுக்கட்டுங்களா?"

சிவப்பு அழுத்தினால் சென்னியப்பனின் போன் அலறும், அந்த மூன்று பேருக்கு முன்னால். அவர் கத்துவார். பட்டியலில் ஏழாவது.

"தோழி என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"சரீன்னுதான் சொல்லுது."

"அப்போ பச்சையை அழுத்துங்கக்கா. அவங்க போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"வாயத் தொறந்துருச்சுங்களே."

"அக்கா, ப்ளீஸ். பச்சை."

உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டடி எடுத்து வைத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் பார்க்கவில்லை. அவர் விரலை வைத்தார். திரையில் அந்த முகம் சிரித்தது. நான் முதல் ஷெட்டுக்குப் போய், வேலையாட்களின் நம்பிக்கை தொண்ணூற்றேழு சதவீதம் என்று மூன்று பேருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். கடப்பாரைச் சத்தம் கேட்டது அப்போதுதான்.

இத்தனை நாள் இந்த நோட்டில் நாற்றம், ஈ, புதினா, அடுத்தவர் வியர்வை என்று பக்கம் பக்கமாகக் குமட்டியிருக்கிறேன். புரட்டிப் பார்த்தேன். முழுப் பொய்.

மே 14, புதன்

ரகுவின் அழைப்புகள் பதினொன்று. எடுக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர் ஒரு முறை அழைத்தார், எடுத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணையை மறுபடி திறக்கிறார்களாம். அது முடியும்வரை அத்தாயி அக்கா வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை என்று சென்னியப்பனுக்கு எழுத்தில் வந்திருக்கிறது. வேலை திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது. எனக்கு இல்லை என்பது தெரியும்.

காலையில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் ஷெட் காலி. மிச்சக் கோழிகளை வேறு ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். சுண்ணாம்பு அடித்த தரை, திறந்து கிடக்கும் கூண்டுகள், ஒரு சத்தம் இல்லை. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பொட்டு வைத்த முகம், ஒரு கோழிகூட இல்லாத ஷெட்டைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டது: 'எல்லாம் சரி. காற்று போதுமானது. ஒப்புக்கொள்கிறீர்களா?'

என் விரலை வைத்தேன். சிவப்பு.

ஏழு கேள்விகள் வந்தன. எழுத்துகள் எவ்வளவு சிறியவை என்று அப்போதுதான் பார்த்தேன். திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது.

கவனித்தவர்: அத்தாயி. மணி: மே 6, மதியம் 1:40. கண்டது: கோழிகள் சத்தத்தை நிறுத்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. எத்தனை: செத்தது 11,240, அவர் பூட்டை உடைத்ததால் பிழைத்தது பத்தொன்பதாயிரத்துக்கு அருகில். யாரிடம் சொன்னார்: என்னிடம், நிரஞ்சனா, நம்பிக்கை வடிவமைப்பாளர். அவர் என்ன செய்தார்: பச்சையை அழுத்தச் சொன்னார், இரண்டு முறை.

ஏழாவது, இயந்திரம் எங்கே தவறியது. அங்கேதான் நேரம் எடுத்தது. 'தனக்குத் தெரியாது என்று அதற்குச் சொல்லத் தெரிந்திருந்தது. ஏப்ரல் 9 அன்று அந்த வாயை நான் அடைத்தேன்' என்று எழுதி அனுப்பினேன். பதிந்தது என்று வந்தது. இனி யாராலும் அழிக்க முடியாது.

களத்துக்கு அந்தப் பக்கம் அலுவலக அறைக்குள் போன் அலறியது. நாற்காலி நகரும் சத்தம். சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். லைன் வீட்டு வாசலில் அக்கா சாக்கைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். மற்ற ஷெட்டுப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"காலி ஷெட்டுல என்ன கேடு? எவ அமுக்குனது?"

"நானுங்க" என்றேன்.